பெட்டியைப் பிடிக்கும் ஆணி

எங்கள் வீட்டு மெசினை என் கணவர் நாள் தவறாமல் கழுவுவார். மெசின் என்றால் உழவு இயந்திரம். சம்பூ போட்டுக் கழுவி, பழைய சாரத்தால் துடைத்து, முன்விளக்குகளுக்கு நடுவில் சந்தனப் பொட்டும் வைப்பார். அதன் பின்னால் கொளுவி இழுக்கிற பெட்டியை மழை கழுவும். பெட்டிக்கு ஏன் பொட்டு இல்லை என்று ஒருமுறை கேட்டேன். பெட்டிக்கு முகம் எங்கே இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். 

ஆனால் அவர் மெசினின் சீற்றில் இருந்து போகிறவர். நான் பெட்டிக்குள் இருந்து போகிறவள். ஆகவே பெட்டி என் பொறுப்புக்கு வந்தது. யாரும் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். சில்லுகளுக்குக் கிறீஸ் போடுவது, நட்டுகளை இறுக்கிப் பார்ப்பது, ரயரில் முள் ஏறியிருக்கிறதா என்று தடவுவது, பின்கதவின் கொளுக்கியை ஆட்டிப் பார்ப்பது, பின்னாலுள்ள சிவப்பு ஒளித்தகட்டைச் சேறு மூடாமல் துடைப்பது எல்லாம் நான்தான். "எங்கட ஆள் பெட்டிக்கு வைத்தியம் பாக்கிறா" என்று ஊரெல்லாம் சொல்லுவார். மெசினோடு பெட்டியைக் கொளுவுகிற ஆணி கழன்றாலும் பெட்டியை விடாமல் பிடிக்க ஒரு சங்கிலி வாங்குங்கோ என்று சொன்னேன். "நாய்க்கோ?" என்று கேட்டார். எங்களிடம் நாய் இல்லை.

நெடுங்கேணிப் பக்கத்தில் பெட்டி இரவல் போகும். செத்தவீட்டுக்குக் கதிரை ஏற்ற, கலியாணவீட்டுக்கு விறகு ஏற்ற, வீடு கட்ட மணல் ஏற்ற. கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. அதுகூடப் பரவாயில்லை. திரும்பி வந்த பெட்டியை, கொண்டுவந்தவர் முன்னால் குனிந்து பார்க்கக்கூடாது. பார்த்தால் அவரைக் கள்ளன் என்று சொன்ன மாதிரி. ஆகவே அவர் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்வரை நாங்கள் வானத்தைப் பார்த்து மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்போம். என்ன காணாமல் போயிருக்கிறது என்பது பிறகுதான் தெரியும். தெரிந்தாலும் கேட்க முடியாது. கேட்டால், அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தோம் என்றாகிவிடும். அது இன்னும் மோசம்.

என் கணவரின் அண்ணர் எங்கள் மெசினில் கொளுவி மணல் ஏற்றக் கொண்டுபோன பெட்டி, குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம் திரும்பி வந்தது. வழக்கப்படி மழையைப் பற்றிக் கதைத்தோம். அவர் படலை தாண்டியதும் நான் குனிந்தேன். மெசினையும் பெட்டியையும் சேர்த்துப் பிடிக்கிற ஆணியைக் காணவில்லை. நல்ல உருக்கு ஆணி. மேலே எழும்பாமல் இருக்க அடியில் பூட்டு ஊசியும் உண்டு. அந்த இடத்தில் ஒரு கொங்கிறீட் கம்பித் துண்டு நின்றது. பூட்டு ஊசியும் இல்லை. நான் கைவைக்க முதலே கம்பி ஓட்டைக்குள் ஆடியது.

மறுநாள் அந்தப் பெட்டியில் பொங்கல் பானையோடு அயல் பெண்களும் பிள்ளைகளும் போக இருந்தார்கள். என் மகளும் அவளுடைய கைக்குழந்தையும்கூட. எங்கள் பெட்டிக்கு இரண்டே சில்லுகள். கம்பி கழன்றால் பெட்டி முன்னால் குத்தும், இல்லாவிட்டால் பின்னால் சாய்ந்து ஆட்களைக் கொட்டும். போகிற வழியில் குளக்கட்டு இருக்கிறது. அதில் ஒரு பக்கம் தண்ணீர், மற்றப் பக்கம் பள்ளம்.

"அத்தானிட்டைப் போய் ஆணியை வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றேன். கணவரின் அண்ணரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன்.

"அண்ணையிட்டையோ? என்னெண்டு கேக்கிறது?"

"ஆணியைத் தாங்கோ எண்டு கேக்கிறது."

"விசர்க் கதை கதையாதை. அவர் தானாக் கொண்டந்து தருவார். கம்பி ஒண்டும் செய்யாது, மெதுவாப் போவம்."

அண்ணரின் மனம் நோகக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். என் பேரப்பிள்ளையின் மண்டை விஷயத்தைக் கம்பியின் முடிவுக்கு விட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று கறிக்கு உப்புப் போடவில்லை. அவர் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

காலையில், நான் வரும்வரை வெளிக்கிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அத்தான் வீட்டுக்கு நடந்தேன். அவர் முற்றத்தில் நின்றார்.

"என்ன பிள்ளை, வெள்ளனவே?"

"பழம் குடுப்பமெண்டு."

அவருக்குப் பின்னால் கன்றுக்குட்டி ஒன்று மேய்ந்தது. அதன் கயிறு கட்டியிருந்தது எங்கள் ஆணியில். பாதி நிலத்துக்குள் அறைந்திருந்தது. மேல்பாதியில் நான் பூசிய கிறீஸ் அப்படியே இருந்தது. அவர் ஆணியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் ஆணியைப் பார்க்காமல் பழத்தைப் பார்த்தேன். மழை வருமா என்று அவர் கேட்டார். வரலாம் என்றேன்.

அப்போது றோட்டில் எங்கள் மெசின் போகிற சத்தம் கேட்டது. பொங்கல் பிந்திவிடும் என்று பெண்கள் அவசரப்படுத்தியிருப்பார்கள். வேலிக்கு மேலால் பார்த்தேன். பெட்டி நிறைய ஆட்கள். நடுவில் மகள், மடியில் குழந்தை. கூப்பிட்டேன், யாருக்கும் கேட்கவில்லை. கணவருக்குப் போன் எடுத்தேன். மெசின் சத்தத்தில் அவருக்கு இடியே கேட்காது. மகளின் போன் எங்கள் வீட்டில் சார்ச்சரில் கிடந்தது. என் மரியாதை அந்த இடத்தில் முடிந்தது.

"அத்தான், உங்கட கண்டு கட்டியிருக்கிறது எங்கட பெட்டி ஆணியில. அந்தாப் போற பெட்டிக்குள்ள என்ர பிள்ளை குழந்தையோட இருக்கிறாள். உங்கட கம்பிதான் இழுத்துக்கொண்டு போகுது."

"ஆக்களை ஏத்தியோ?" என்றார். முகம் வெளிறிவிட்டது. "வெறும் பெட்டிதானே, பிறகு குடுப்பமெண்டெல்லோ நினைச்சன்."

ஆணியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். கன்று நேரே மிளகாய்த் தோட்டத்துக்குள் போனது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி, ஆணியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவ்வளவு பயத்தை நான் அதற்கு முதல் பட்டதில்லை.

குளக்கட்டு தொடங்குகிற இடத்தில் முந்திப்போய் றோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார். என் கணவர் மெசினை நிற்பாட்டிச் சொன்ன முதல் வசனம்: "அண்ணை, நான் கேக்கச் சொல்லேல்லை."

 நான் எல்லாரையும் இறக்கி, சில்லுகளுக்குக் கல் வைத்தேன். அத்தான் வேட்டியோடு மண்ணில் படுத்து அடியில் போனார். கம்பி இலேசில் வரவில்லை. அது வளைந்துபோயிருந்தது. கல்லால் தட்டித்தான் எடுத்தார். ஆணியை இறக்கி, பூட்டு ஊசிக்குப் பதிலாகத் தன் மோட்டார் சைக்கிள் திறப்பு வளையத்தைக் கழற்றி அதன் துளையில் கோர்த்தார். வெளியே வந்தார். வளைந்த கம்பியைப் பார்த்தார், பிறகு குழந்தையைப் பார்த்தார். அவருக்கென்று முதல்நாளிலிருந்து நான் சேர்த்து வைத்திருந்த பேச்சு நிறைய இருந்தது. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

எல்லாரும் ஏறினோம். குழந்தையை என் மடியில் வாங்கிக்கொண்டேன்.

"அண்ணை, நீங்களும் ஏறுங்கோவன்" என்றார் என் கணவர். அத்தான் தலையை ஆட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். கோயில்வரை மெசினுக்குப் பக்கத்திலேயே, அதன் வேகத்துக்கு ஊர்ந்து வந்தார். கழுத்தைத் திருப்பி ஆணியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"றோட்டைப் பாத்து ஓடுங்கோ அத்தான்!" என்று கத்தினேன்.

அவர் கண்ணை எடுக்கவில்லை.