சொல்கிறாரா, செய்கிறாரா

கொள்முதல் பிரிவில் அவளுக்கு 'வடிகட்டி' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர் யாருமில்லை. வெளியாளை வைத்து அரசு வேலை எதைச் செய்வதானாலும் அந்தக் கோப்பு அவள் மேசைக்கு வந்தாக வேண்டும். வந்திருப்பது ஆலோசனைப் பணியா, மற்றத் தொழில்முறைச் சேவையா என்று பிரித்து முத்திரை குத்துவதுதான் அவள் உத்தியோகம்.

பிரிப்பதில் விஷயம் இருக்கிறது. சேவை என்றால் இயக்குநரே கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம். ஆலோசனை என்றால் தலைமைச் செயலகம் வரை போக வேண்டும். 'யோசிக்கத்தானே உங்களுக்குச் சம்பளம், அதற்கும் ஆள் வைக்கிறீர்களா?' என்று அங்கே கேட்பார்கள். நியாயமான கேள்வி என்பதால் யாரிடமும் பதில் கிடையாது. ஆகவே எல்லாரும் ஆலோசனைக்குச் சேவை வேஷம் கட்டி அனுப்பினார்கள். எந்தெந்தப் பிரிவை மூடலாம் என்று சொல்ல ஒரு கம்பெனி வந்தது, 'மேசை நாற்காலி இடமாற்றச் சேவை' என்ற பெயரில். அவளிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை.

"வந்தவங்க செஞ்சுட்டுப் போறாங்களா, சொல்லிட்டுப் போறாங்களா? அதை மட்டும் பாருங்க சார்" என்பாள். "கணக்கைத் தணிக்கை பண்ணிக் குடுத்தா சேவை. கணக்குப் பிரிவை எப்படி நடத்தணும்னு சொன்னா ஆலோசனை. இதுல என்ன குழப்பம்?"

குழப்பம் இல்லைதான். அவள் பிடித்த திருட்டுத்தனம் எல்லாம் நிஜமான திருட்டுத்தனம். ஆனால் எப்போதும் சரியாகவே இருந்து பழகிவிட்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போய்விடும். ஏசி மெக்கானிக் ஒருவர் கேஸ் நிரப்பிவிட்டுப் போகிற போக்கில், "இந்த மெஷினையே மாத்திடுங்க மேடம்" என்று சொல்லித் தொலைத்தார். ஒப்பந்தத்துக்கு வெளியே ஆலோசனை வழங்கியது ஏன் என்று விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் போனது. அந்த வெயில் காலம் முழுக்க அவர் வந்தார், கேஸ் நிரப்பினார், வாயை மட்டும் திறக்கவில்லை. மெஷின் ஓடவில்லை என்றாலும் கோப்பு சுத்தமாக இருந்தது.

ஊழியர்களுக்கு வருடாந்திர உடல் பரிசோதனை செய்ய வரும் டாக்டரும் இப்படித்தான் மாட்டினார். ஒரு தட்டச்சரின் அறிக்கைக்கு அடியில் 'உப்பைக் குறைக்கவும், தினமும் நடக்கவும்' என்று எழுதிவிட்டார். அவள் அந்த வரியைச் சுழித்துக் கோப்பைத் திருப்பி அனுப்பினாள்.

இயக்குநர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "டாக்டர் சொல்றது அவர் தொழில்லயே சேர்த்திதானம்மா? நம்ம ஆபீசை எப்படி நடத்தணும்னா சொல்றாரு?"

"இன்னைக்கு டாக்டரை விட்டா, நாளைக்கு எல்லாரும் 'சேர்த்தி'ன்னு சொல்லிக்கிட்டு வருவாங்க சார்."

இயக்குநர் அதற்கு மேல் வம்புக்குப் போகவில்லை. புதிய ஒப்பந்தத்தில் 'பரிசோதித்தல், அளவுகளைப் பதிதல்' என்பதோடு டாக்டரின் வேலை முடிந்தது. அன்றிரவு அவள் திருப்தியாகத் தூங்கினாள்.

அவள் கணவர் அதே அலுவலகத்தில் டிரைவர், இயக்குநரின் காரை ஓட்டுகிறவர். வீட்டில் அவர்தான் சமைப்பார், அவர்தான் சிரிப்பார், உப்பு அவர் கைக்குத் தாராளம். "என் அபிப்பிராயத்தைச் சொல்லலாமா, இல்ல மேலிடத்துல அனுமதி வாங்கணுமா?" என்று அவளைச் சீண்டிக்கொண்டே இருப்பார். அந்த மனிதர் இல்லாவிட்டால் அவளுக்கு வீடு என்று ஒன்று இல்லை. அதை அவரிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

புதிய ஒப்பந்தம் வந்த பிறகு இரண்டாவது வருடப் பரிசோதனைக்கு முந்தைய வாரம் காரைச் சுவரோடு உரசிவிட்டு வந்து நின்றார். "தலை கொஞ்சம் சுத்திச்சும்மா, வெயில்தான்" என்றார். சாப்பாட்டில் கைவைக்கவில்லை, கால் வீங்கியிருந்தது. பரிசோதனை நாளன்று அவளும் கூடவே போய் நின்றாள்.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். இரண்டாம் முறையும் அடித்துப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைத் தாளையும் பார்த்து எண்களை எழுதினார். பிறகு, "அடுத்தவங்க வரலாம்" என்றார்.

அவள் நகரவில்லை.

"எப்படி இருக்கு டாக்டர்?"

"எழுதியிருக்கேன் மேடம்."

"எண்ணை வெச்சு நான் என்ன பண்றது? என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"அதைத்தான் சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்கீங்களே." டாக்டர் குரலில் கிண்டல் இல்லை. கிண்டல் இருந்திருந்தால் அவளால் சண்டையாவது போட்டிருக்க முடியும்.

"நான் கேக்கிறேன். என் பொறுப்பு. சொல்லுங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. பிரஷர் ரொம்ப அதிகம். ரெண்டு கிட்னியும் பாதிச்சிருக்கு."

"இப்ப வந்ததுதானே? ஒரு வாரமாத்தான் தலை சுத்துதுங்கிறார்."

"பிரஷர் போன வருஷமே இருந்தது மேடம். நான்தான் நம்பரை எழுதினேன், அதோட நிறுத்திக்கிட்டேன். அப்பவே மாத்திரை ஆரம்பிச்சிருந்தா கிட்னி தப்பிச்சிருக்கும்."

ஒரு வருடம் முழுக்க அந்த மனிதர் சமைத்துப் போட்டதை உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். என்ன பெண் நான் என்று நெஞ்சு வெடித்தது. கணவர்தான் சட்டைக்கையை இறக்கிக்கொண்டே, "விடும்மா. அவருக்கு என்ன சொல்லியிருந்துச்சோ அதைத்தானே அவர் செஞ்சாரு" என்றார். அவளைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார்.

பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "அப்போ நான் இனிமே வண்டி ஓட்டலாமா, கூடாதா டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டர் வாயைத் திறந்தார். திறந்தவர், பழக்கதோஷத்தில் அவள் முகத்தைப் பார்த்தார்.