மூன்று மணிக்கு நிற்காத கம்ப்யூட்டர்

எழுபதுகளின் கடைசியில் பெரிய காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் மையத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற அந்தக் கம்ப்யூட்டரில் ஒரே சமயத்தில் பல வேலைகள் ஓடும். எந்த வேலைக்கு மெமரியில் எவ்வளவு இடம் என்று பிரித்துக் கொடுப்பதற்கும், முடிந்ததும் அந்த இடத்தைத் திரும்ப வாங்குவதற்கும் அதன் அடிப்படை புரோகிராமில் ஒரு பகுதி உண்டு. அதை எழுதியவர் எங்கள் பிரிவுத் தலைவர். எழுதிய பிறகு அவரே அதைத் திறந்து பார்த்ததில்லை. மேலிடத்தில் யாரோ அதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்று சொல்லவே, என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதக் கொஞ்சம் சுத்தமா திருத்தி எழுதணும். ஆனா வெளியே எதுவும் மாறக்கூடாது. இன்னைக்கு எப்படி ஓடுதோ அப்படியே ஓடணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, புரோகிராமை அச்சடித்த தாள்களை எங்கள் வீட்டுக் கூடத்தில் விரித்தேன். மடிப்பு மடிப்பாக வாசல்வரை நீண்டன. மாமியார் கையில் முறத்தோடு வந்து நின்றார்.

"இன்னாம்மா இது?"

"ஆபீஸ் வேல அத்த. திருத்தி எழுதணும்."

"ஏன், ஓடலையா?"

"ஓடிக்கினுதான் இருக்குது."

"திருத்தினா வேகமா ஓடுமா?"

"இல்ல, அதே மாதிரிதான் ஓடும்."

"இதுக்கா காலங்காத்தால பஸ்ஸுல தொங்கிக்கினு போற?" என்று கேட்டுவிட்டு, தாள்களை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

மெமரியில் இடம் தேடும் ஒரே வேலையைத் தலைவர் நான்கு இடங்களில் நான்கு விதமாக எழுதியிருந்தார். மூன்றில் கொடுத்த இடம் ஒழுங்காகத் திரும்பி வந்தது. நான்காவதில் கொடுத்ததோடு சரி. திரும்ப வாங்க மறந்துவிட்டார். மெமரியில் இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்து, எங்கள் கம்ப்யூட்டர் தினமும் மதியம் மூன்று மணி சுமாருக்கு நின்றுபோனதற்குக் காரணம் அதுதான். மறுபடி கிளப்ப முக்கால் மணி நேரமாகும். மின்சாரத்தைத் திட்டிவிட்டு மையமே டீ குடிக்கப் போகும். கேன்டீனில் வடையே அந்த நேரத்துக்குத்தான் போடுவார்கள்.

ஆறு வாரம் உட்கார்ந்து நான்கையும் ஒன்றாக்கினேன். புதிய புரோகிராமை ஏற்றிய அன்று மணி மூன்றாயிற்று, கம்ப்யூட்டர் நிற்கவில்லை. மூன்றே கால், ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபரேட்டர் கலவரத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"இன்னா பண்ணீங்க மேடம்? நிக்கவே மாட்டேங்குது."

"நல்லதுதானேப்பா?"

"வடை ஆறிக்கினு இருக்குது மேடம்."

மறுநாளே புகார் போயிற்று. தலைவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "வெளியே எதுவும் மாறக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"பழைய புரோகிராம்ல ஒரு தப்பு இருந்தது சார். அதனாலதான் தினமும் நின்னுது."

"யார் எழுதினது அது?"

"பேர் போடல சார்" என்றேன். அவர் முகம் தெளிந்தது.

மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்கள். புதிய புரோகிராம் சிறப்பானது, அப்படியே இருக்கலாம் என்றது குழு. ஆனால் இடைவிடாமல் ஓடினால் கம்ப்யூட்டர் சூடாகிவிடுமாம். ஆகவே பாதுகாப்பு கருதித் தினமும் மூன்று மணிக்கு முக்கால் மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும். சுற்றறிக்கையில் தலைவரின் வழிகாட்டுதலுக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். அன்று பஸ் ஊர் வந்து சேரும்வரை என் கோபம் அடங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, கேன்டீனில் தலைவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நான் என்னம்மா விட்டுட்டேன்?" என்று மெல்லக் கேட்டார். இடத்தைத் திரும்ப வாங்கும் கட்டளையை, வடை மடித்து வந்த காகிதத்திலேயே எழுதிக் காட்டினேன். காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார்.

"ஒரே ஒரு வரி" என்றார்.