பின்சீட்டுக்குத் தேங்காயெண்ணெய்

சனிக்கிழமை ஆனா என் வீட்டுக்காரர் தலைக்கு எண்ணெய் தேய்ப்பார். கிண்ணத்துல மிச்சமிருக்கிறதைக் கொண்டுபோய் காரோட சீட்டுக்கும் தேய்ப்பார்.

பழைய இங்கிலீஷ் கார். மாமனார் வாங்கினது. சீட்டெல்லாம் சிவப்புத் தோல், காரோடயே வந்தது, ஒரு கீறல் கிடையாது. "தோலுன்னா உயிருள்ள சாமானாக்கும். எண்ணெய் குடிக்கும்" என்பார். நம்ம ஊர்ல எதுக்குத்தான் தேங்காயெண்ணெய் தேய்க்கலை? கதவுக் கீலுக்கு, பிள்ளை வயித்துக்கு, சுட்ட கைக்கு. சீட்டுக்கும் ஆகட்டும்னு நானும் விட்டுட்டேன். ஷெட்டுக்குள்ள நுழைஞ்சா அடுக்களை மாதிரி மணக்கும்.

அந்தக் காருக்கு என்ன சாமான் வேணும்னாலும் ஒரிஜினல்தான் வேணும் இவருக்கு. கதவுக் கைப்பிடி ஒண்ணு உடைஞ்சதுக்கு சீமையில இருக்கிற ஒரு பார்ட்ஸ்காரனுக்கு மெயில் போட்டு, போட்டோ அனுப்பி, அது வந்து சேர்றதுக்குள்ள மகளுக்குக் கல்யாணமே நடந்து முடிஞ்சுது. அப்புறம் பின்சீட்டைப் பிடிச்சு நிறுத்துற கிளிப் ரெண்டும் போச்சு. மார்த்தாண்டத்துல லேத்துக்காரன் அரை மணிக்கூர்ல அடிச்சுத் தருவான். நானும் சொன்னேன். "டூப்ளிகேட்டா? இந்தக் காருக்கா?"ன்னு என்னை ஏதோ பாவம் செஞ்சவளைப் பாக்குற மாதிரி பாத்தார். ஒரிஜினல் வர்ற வரைக்கும்னு சீட்டை அடியிலேர்ந்து நீள ஸ்க்ரூவால முறுக்கி வச்சார்.

அந்தச் சீட்டுல யாரும் சும்மா உக்காரப்பிடாது. ஈரத்துணியோட பக்கத்துல போகப்பிடாது. கொல்லயில்ங்கிற ஊர்ல எங்க சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு அந்தக் கார்ல போனோம்னா, நான் பட்டுச் சேலையைச் சுருட்டிப் பிடிச்சுட்டு முதுகு சாயாம உக்காந்திருப்பேன். வயித்தெரிச்சல்தான்.

இந்த நிலையில மகள் தலைப்பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தா. மருமகன் கல்ஃபுல. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் கிடந்தது. பக்கத்து ஆட்டோக்காரர் எப்ப கூப்பிட்டாலும் வாறேன்னு சொல்லியிருந்தார். எனக்கு ரத்தம்னா ஆகாது. மீன் வெட்டுறப்ப விரல் கீறினாலே கண்ணு இருட்டிட்டு விழுந்துருவேன். "அம்மா, ஆஸ்பத்திரியில நீ வெளிய நின்னா போதும்"னு மகள் முதல்லயே சொல்லி வச்சிருந்தா.

வலி வந்தது ஒரு ஹர்த்தால் நாள் காலையில. எங்க கேரளப் பக்கம் அன்னைக்குக் கடையும் கிடையாது, வண்டியும் ஓடாது. ஆட்டோ ஸ்டாண்ட் காலி. நம்ம ஆட்டோக்காரர் களியக்காவிளை தாண்டி மாமியார் வீட்டுக்குப் போயிருக்கார், அங்க தமிழ்நாடு, கடையெல்லாம் உண்டு. ஆம்புலன்ஸுக்கு அடிச்சா வண்டி வேற கேஸுக்குப் போயிருக்கு, வர நேரமாகும்னாங்க. மகள் வாசல்ல சுவரைப் பிடிச்சு நின்னுட்டு "அம்மா, என்னவோ மாதிரி இருக்கு, இது வேற மாதிரி வலிக்குது"ன்னா.

"காரை எடுங்க"ன்னு கத்தினேன்.

இவர் சாவியோட நிக்கார். கார்க் கதவு திறந்து கிடக்கு. மகளைப் பாக்கார், சீட்டைப் பாக்கார். நின்ன இடத்தை விட்டு அனங்கலை. அப்புறம் சொன்னார், "எடி, பின்னால போய் ஒரு ரப்பர் ஷீட் எடுத்துட்டு வா. காஞ்சதாப் பாத்து எடு."

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! பெத்த மகள் துடிச்சுட்டு நிக்கா, இந்த மனுஷனுக்கு சீட்டு நனைஞ்சிருமேன்னு கவலை. "உங்க சீட்டுல இடி விழ!"ன்னு சொல்லிட்டு ஓடினேன். பின்னால கொடியில எங்க தோட்டத்து ரப்பர்ப்பால் உறைஞ்சு காஞ்ச ஷீட் வரிசையாத் தொங்குது. ஒண்ணை உருவிட்டு ஓடி வந்தா, மகளை ஏத்தி உக்கார வச்சிருக்கார். அவ மெரூன் நைட்டிக்கு மேல, வாசல்ல காயப் போட்டிருந்த இவரோட லுங்கி சுத்தியிருந்தது. "ஷீட் எங்க போட?"ன்னு கேட்டேன். "முன்னால போடு, நேரமில்லை"ன்னு வண்டியை எடுத்தார். கொண்டுவரச் சொன்ன ஷீட்டை விரிக்கக்கூட இல்லை. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

நெய்யாற்றின்கரைக்குப் போற ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லை. மகள் லுங்கியை இறுக்கிப் பிடிச்சுட்டு கண்ணை மூடியிருந்தா. பக்கத்துல உக்காந்திருந்த நான் குனிஞ்சு அதைச் சரியாக்கப் போனா கையைத் தட்டிவிட்டா. "அம்மா, நீ அந்தப் பக்கம் பாரு." வலியில சொல்றான்னு நினைச்சேன்.

பாதி தூரம் போயிருப்போம். ஒரு கருகின நாத்தம். மகள் "அப்பா, சுடுது"ன்னு அலறினா. சீட்டுக்கு அடியிலேர்ந்து புகை. வண்டி இருமி இருமி நின்னு போச்சு.

அந்த மாடலுக்கு பேட்டரி பின்சீட்டுக்கு அடியில. சீட்டைத் தூக்கணும்னா ஸ்க்ரூவைக் கழட்டணும். ஸ்க்ரூடிரைவர்? துருப்பிடிக்காம இருக்க எண்ணெய் போட்டு வெயில்ல உணத்தணும்னு டூல்ஸ் பையை வீட்டு முற்றத்துல வச்சிருக்கார்! நான் நெஞ்சுல அடிச்சேன். இவர் மகளைத் தூக்கி முன்சீட்டுல வச்சார். என்னைப் பாத்து, "நீ அந்த வளைவுல போய் நில்லு. வண்டி ஏதாவது வருதா பாரு"ன்னார்.

வளைவுலேர்ந்து வந்தது ஒரு பெண், ரப்பர் மரத்துல பால் வெட்டுற டாப்பிங் வேலை முடிஞ்சு தலையில பால் வாளியோட. நான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். அந்தப் பெண் காருக்குள்ள எட்டிப் பாத்ததும் வாளியை இறக்கி வச்சுட்டு மகள் பக்கத்துல போய் அவ கையைப் பிடிச்சுக்கிட்டா. இவர் அந்தப் பெண்ணோட இடுப்புல இருந்த டாப்பிங் கத்தியைக் கேட்டு வாங்கினார்.

அந்தக் கத்தியை வச்சுட்டு ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. சிவப்புத் தோலை ஒரு மூலையிலேர்ந்து மறு மூலைக்கு வகுந்தார். சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. உள்ள குதிரைமுடிப் பஞ்சை வாரி வாரி ரோட்டுல எறிஞ்சார். அதுக்கு அடியில எலிக்கூடு. கண் திறக்காத குஞ்சுகள் ரோஸ் நிறத்துல நெளியுது. தேங்காயெண்ணெய் மணத்துக்கு வந்த எலி, பஞ்சுல கூடு கட்டி, வாயில அகப்பட்ட வயரையும் கடிச்சுக் கறும்பி வச்சிருக்கு. செம்பு பளபளன்னு தெரியுது, தகட்டுல உரசின இடம் கறுத்துக் கிடக்கு. சனிக்கிழமை தவறாம இவர் ஊட்டி வளர்த்தது தோலை இல்லை, எலியை.

பேட்டரிக் கம்பியைப் பிடுங்கினார். "டேப்பு"ன்னு கையை நீட்டினார், யார்கிட்ட இருக்கு? அப்பதான் முன்னால மகள் காலடியில கிடந்த ரப்பர் ஷீட் கண்ணுல பட்டது. அதுல ஒரு நீளத் துண்டு அறுத்து வயர்மேல இறுக்கிச் சுத்தினார். கம்பியை மறுபடியும் மாட்டினார். முதல் தடவை வண்டி எடுக்கலை. ரெண்டாவது தடவையும் எடுக்கலை. "கடவுளே, கடவுளே"ன்னு நான் கதவைப் பிடிச்சுட்டு நின்னேன். மூணாவதுல உறுமிச்சு. டாப்பிங் பெண் "போங்க, போங்க"ன்னு காரைத் தட்டிவிட்டா. நான் கிழிஞ்ச சீட்டுல, ஸ்ப்ரிங் குத்தக் குத்த, எலிக்குஞ்சு கிடந்த இடத்துல உக்காந்து போனேன்.

ஆஸ்பத்திரி வாசல்ல ட்ராலி வந்தது. இவர் மகளைத் தூக்கி வச்சுட்டு லுங்கி நழுவாம ஒரு கையால பிடிச்சுக்கிட்டே கூட ஓடினார். பிரசவ அறை வாசல்ல நான் போய்ச் சேர்றப்ப டாக்டரம்மா மலையாளத்துல அவசரமாக் கேட்டுட்டு நின்னா. ரத்தம் எப்ப போகத் தொடங்கினதுன்னு.

இவர் என்னைத் திரும்பிப் பாத்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். வீட்டுல வச்சே தொடங்கிட்டு, கால் வழியா வழிஞ்சுது, இவளை ரப்பர் ஷீட் எடுக்க அனுப்பிட்டுத்தான் துடைச்சு லுங்கியைச் சுத்தினேன்னு.

கதவு மூடிட்டு. ஆபரேஷன்னு சொன்னாங்க. நான் அப்படியே தரையில உக்காந்தேன். விழலை, ஆனா எழும்பவும் முடியலை. இவர் பக்கத்துல வந்து சுவர்ல சாய்ஞ்சார். கையெல்லாம் கரி, எண்ணெய், அதுக்கு ஊட ஊடக் காஞ்ச ரத்தம். அந்தக் கையை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டார். ரெண்டு பேரும் அந்தக் கதவையே பாத்துட்டு இருந்தோம்.

கதவு திறந்து நர்ஸ் வந்து, பெண்குழந்தை, தாயும் நல்லா இருக்கான்னு சொன்னப்பதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்த கையோட கோவமும் வந்தது.

"இஞ்ச பாருங்க, ரத்தம் போகுதுன்னு ஒரு வார்த்தை அப்பவே சொல்லப்பிடாதா? நான் உங்களை என்ன பேச்செல்லாம் பேசிட்டேன்!"

இவர் வேட்டி முனையால முகத்தைத் துடைச்சார்.

"சொன்னா நீ விழுந்திருப்ப. ரெண்டு பேரைத் தூக்கணும். எனக்கு உள்ளது ரெண்டு கைதானே, எடி."