ஹாலில் படுத்த வருஷம்

எனக்கு ஆண்மை போய்விட்டது என்பதை நான் முதலில் சொன்னது எங்கள் பங்குச் சாமியாரிடம். முப்பத்திரண்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு அதற்குப் பிறகுதான் சொன்னேன். இதை எழுதும்போதுகூட என் மேல் எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது.

புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து புராஸ்டேட் சுரப்பியை எடுத்துவிட்டார்கள். நரம்பு பாதிக்கலாம், தாம்பத்தியத்தில் சிரமம் வரலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லத்தான் செய்தார். புற்றுநோய் என்று கேட்டதிலேயே எனக்குக் காது அடைத்துப் போயிருந்தது. "உசிரு இருந்தா போதும் சார்" என்று பெரிய வீரன் மாதிரி தலையாட்டினேன். உயிர் இருந்தது. நாலைந்து மாதத்தில் மூத்திரமும் கட்டுக்குள் வந்தது. மறுபடி பைக்கை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு மேஸ்திரி வேலை பார்க்கப் போய்விட்டேன். அந்த ஒன்று மட்டும் திரும்பவில்லை.

மூத்திரக் கசிவைச் சாக்கு வைத்து ஹாலில் பாயைப் போட்டேன். கசிவு நின்ற பிறகும் பாயைச் சுருட்டவில்லை. அதற்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை எங்கள் ஊர் மரக்காணத்தில் வாங்க முடியுமா? மெடிக்கல் ஷாப்காரர் ஞாயிறு பூசையில் எனக்குப் பின் வரிசையில் உட்காருகிறவர். ஒரு வேலையும் இல்லாத கிளியனூருக்குச் சுற்றிக்கொண்டு போய் வாங்கி வந்தேன். முகம் சிவந்தது, தலை வலித்தது, வேறொன்றும் நடக்கவில்லை. செக்கப்புக்குப் போகும்போது, டாக்டர் அதைப் பற்றிக் கேட்டுவிடுவாரே என்று மனைவியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போவேன். வீட்டில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் உடனே எனக்கு உப்பளத்தில் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும்.

போன டிசம்பரில் ஒரு ஞாயிறு, பூசை முடிவில் சாமியார் அறிவித்தார். கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு வரும் திருக்குடும்பத் திருவிழா அன்று, கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் தாண்டிய தம்பதிகள் பீடத்தின் முன் நின்று கைகோத்து மறுபடி வாக்குறுதி கொடுக்க வேண்டுமாம். மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும், "நாம பேர் குடுக்க வேணாம்" என்றேன். "ஏன்?" என்றாள். "வேணாம்னா வேணாம், விடு" என்று கத்தினேன்.

காரணம் இதுதான். எங்கள் பங்கில் கல்யாணத்துக்கு முன் ஜோடிகளுக்கு நடக்கும் வகுப்பைப் பத்து வருஷமாக நான்தான் எடுக்கிறேன். திருமணத்தைச் செல்லாமல் ஆக்கும் தடைகள் என்று ஒரு பட்டியல் அதில் உண்டு. முன்பே நடந்த கல்யாணம், ரத்த உறவு என்று சத்தமாகப் படித்துக்கொண்டே வந்து, இல்லற உறவுக்கு இயலாமை என்ற வரியில் மட்டும் குரலைத் தாழ்த்தி ஓட்டிவிடுவேன். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வரி என்னைப் பிடித்துக்கொண்டது. என் கல்யாணமே செல்லாமல் போய்விட்டது, பீடத்தின் முன் நின்றால் அது பொய் சத்தியம் என்று நம்பினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின பாவசங்கீர்த்தனத்தில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற கூண்டில், மென்று முழுங்கி அதைச் சொல்லி முடித்தேன். உள்ளே இருந்த சாமியாருக்கு என் மகள் வயசுதான் இருக்கும்.

"நீங்கதான அந்த வகுப்பு எடுக்கறீங்க?"

"ஆமாங்க சாமி."

"அது கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்தாத்தான் தடை. நடுவுல நோயால வந்ததுக்கு இல்லீங்க. இது பாவமே இல்ல, நான் என்னத்த மன்னிக்கிறது? வீட்ல சொல்லிட்டீங்களா?"

"இல்லீங்க."

"மொதல்ல போயி அவங்ககிட்ட சொல்லுங்க. பரிகாரம்னு வேணா வச்சிக்கங்க."

மதியம் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆபரேஷனிலிருந்து எனக்கு ஒன்றும் முடியவில்லை, அதனால்தான் ஹாலில் படுக்கிறேன், அதனால்தான் பேர் கொடுக்க வேண்டாம் என்றேன். அவள் மீனைச் சட்டியில் போட்டாள். திரும்பினாள்.

"இதுதானா?"

"இதுதான்."

"வேற ஒண்ணும் இல்லியே? அது திரும்ப வரலியே?"

"எது?"

"கேன்சருங்க" என்று சொல்லிவிட்டு, மீன் கையோடே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நான் பயந்து போனேன். அப்புறம்தான் வந்தது எல்லாம். "மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. டாக்டர் ரூமுக்குள்ள விடறதில்ல. நீங்க இல்லாதப்ப அந்த ஃபைலை எடுத்துப் பாப்பேன். ரத்த டெஸ்ட்டுல சைபர் புள்ளி சைபர்னு என்னமோ போட்டிருக்கு, அது நல்லதா கெட்டதான்னு யாருகிட்ட கேக்கறது? கோயில்ல வாக்கு குடுக்க வேணாம்னீங்களே, அன்னிக்கு முடிவே பண்ணிட்டேன். இப்பதான்யா என் வயித்துல பால வார்த்தீங்க."

அழுகை ஓய்ந்ததும் கோபம் வந்தது. அடுத்த செக்கப்புக்கு நானும் உள்ளே வருவேன் என்றாள். சொன்னபடி வந்தாள், ஒரு வருஷமாக என் தொண்டையைத் தாண்டாததை டாக்டரிடம் ஐந்து நிமிஷத்தில் கேட்டு முடித்தாள். ஊசி, பம்பு என்று அவர் வழி சொன்னார். சில நாள் சரிப்படுகிறது. சில நாள் சிரிப்பில் முடிகிறது. இரண்டு வகை நாளிலும் எனக்கு நல்லாத்தான் தூக்கம் வருகிறது.

ஆனால் அன்று மதியம் அவள் கடைசியாகச் சொன்னதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மீன் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்.

"போன்ல கேஸ் சிலிண்டர் புக் பண்ணக் கத்துக்கிட்டேன். திண்டிவனத்துக்குத் தனியா பஸ் ஏறிப் போய்ட்டு வந்து பாத்தேன். நீங்க இல்லாம எப்படி இருக்கறதுன்னு."

பக்கத்தில் போய் நின்றேன். செதிள் ஒட்டிய கையால் என்னை ஒரு இடி இடித்தாள்.

"இனிமே கேஸ நீங்களே புக் பண்ணுங்க" என்றாள்.