குச்சி கூப்பிட்டாள், அம்மா ரயில் ஏறினாள்

அம்மா ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். படுக்கை விரிப்புகளைத் துவைப்பது இயந்திரத்தின் வேலை. ஈர விரிப்பைச் சுருக்கம் விழாமல் நீராவி உருளைக்குள் செலுத்த இரண்டு பெண்கள் வேண்டும். ஒரு முனை அம்மா கையில், மறுமுனை குச்சி கையில். ஒல்லியும் உயரமுமாக இருந்ததால் அந்தப் பெயர். அவளுடைய சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். எனக்கு அவள் குச்சி சித்தி.

உருளையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். இழுத்தால் இயந்திரம் நிற்கும். ஒருமுறை விரிப்பு சிக்கிக்கொள்ள, சித்தி கயிற்றை இழுத்துவிட்டுக் கையை உள்ளே விட்டாள். அவசரத்தில் இருந்த மேற்பார்வையாளர், "சரியாயிடுச்சு, ஓட்டு" என்றார். அம்மா ஓட்டிவிட்டாள். சித்தியின் இரண்டு விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

அதன்பின் இருவரும் தங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி சொன்னதை அவள் வாயால்தான் மாற்ற வேண்டும். நடுவில் முதலாளியே வந்து சொன்னாலும் செல்லாது. நான் லிஃப்டுகளுக்கான கட்டுப்பாட்டுப் பலகைகளை வடிவமைக்கிறேன். எங்கள் துறையில் இதற்கு இன்டர்லாக் என்று பெயர். நல்ல ஏற்பாடு, இயந்திரங்களுக்கு.

ஓய்வுக்குப் பிறகு சித்தி தன் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். தினமும் போனில் பேசிக்கொள்வார்கள். தொற்று பரவி, கடைகள் மூடி, தெருக்கள் அடைக்கப்பட்ட அந்த நாட்களில் ஒரு மதியம் சித்தி கூப்பிட்டாள். மார்பில் கட்டி. எடுத்தாக வேண்டும்.

"ஏற்கெனவே குச்சி. இனிமே ஈர்க்குச்சி," என்று அவள் சொல்ல, அம்மா சிரித்தாள். பிறகு சித்தியின் குரல் மாறியது.

"கூட இருக்க ஒருத்தரைத்தான் விடுவாங்களாம். பையன் ஆஸ்பத்திரி வாசலுக்கே வர மாட்டேங்கிறான். மயக்கம் தெளியுறப்ப தெரிஞ்ச முகம் ஒண்ணு வேணும்டி. வர்றியா?"

"வர்றேன்," என்றாள் அம்மா.

ரயிலில் ஏற அனுமதிச் சீட்டு வேண்டும். சிகிச்சை, சாவு இரண்டுக்கு மட்டும் தருவார்கள், அதுவும் உறவினருக்குத்தான்.

"தங்கச்சின்னு போடு," என்றாள் அம்மா.

"பொய்தானே?"

"கூடப் பிறந்ததுங்க மட்டும் என்னத்தைக் கிழிச்சிடுச்சு? போடு."

போட்டேன். அனுமதி வந்தது. மறுநாள் சித்தியின் மகன் கூப்பிட்டார். நான் அண்ணன் என்று அழைப்பவர்.

"பெரியம்மா, நீங்க வர வேண்டாம். வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு. நாங்களே பார்த்துக்கிறோம்."

"அவகிட்ட குடு."

"தூங்குறாங்க."

"எழுந்ததும் அவளைச் சொல்லச் சொல்லு."

சித்தி கூப்பிடவில்லை. அம்மா கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. அம்மா பையில் துணிகளை அடுக்கினாள்.

"வீடு அவங்களோடது. வேண்டாங்கிறாங்க," என்றேன்.

"என்னைக் கூப்பிட்டது வீடா? அவதானே கூப்பிட்டா."

மூடிய பெட்டியில் காற்று எப்படிச் சுற்றும், அவள் வயதில், அவளுடைய சர்க்கரை அளவில் தொற்றினால் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்றெல்லாம் விளக்கினேன். படம்கூடப் போட்டேன். அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"உன் கணக்கு சரியாத்தான் இருக்கும், இஞ்சினியரம்மா. அவ அங்க ஒத்தையாப் படுத்துக் கிடக்கிறது அதுல எங்க வருது?"

"அவங்களே போனை எடுக்கலையேம்மா."

"எடுக்க விடலைன்னு நினைக்கிறேன். அவ வேண்டாம்னு சொல்லட்டும், நின்னுடறேன்."

ரயில் நிலைய வாசல்வரை போனேன். உள்ளே என்னை விடவில்லை. நெற்றிக்கு நேரே கருவியை நீட்டி அம்மாவின் வெப்பத்தை அளந்து அனுப்பினார்கள். திரும்பிப் பார்க்காமல் போனாள். பை கனம், திரும்பினால் தோளிலிருந்து நழுவிவிடும்.

மற்றது அம்மா சொல்லித் தெரிந்தது. அவள் எதையும் கூட்டிச் சொல்பவள் இல்லை.

அண்ணன் கேட்டைத் திறக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை மதில்மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார். "பாட்டிலைத் திருப்பி வைக்காதீங்க, எடுத்துட்டுப் போயிடுங்க," என்றார். அவர் மனைவி கேட்டின் கம்பிகள்மேல் மருந்து தெளித்தாள். அம்மா இன்னும் கம்பியைத் தொட்டிருக்கவில்லை. தெளித்ததில் பாதி அம்மாவின் புடவையில் விழுந்தது.

"அவளைக் கூப்பிடு," என்றாள் அம்மா.

"பெரியம்மா, ஒரு தடவை சொன்னா புரியாதா? ரயில்ல எத்தனை பேர் மூச்சை வாங்கிட்டு வந்திருக்கீங்க? எங்களைக் கொல்லவா வந்தீங்க?"

சித்தி மாடியில் வந்து நின்றாள். மாஸ்க் போட்டிருந்தாள். மருமகளும் மாடியேறிப் போய் அவள் பின்னால் நின்றுகொண்டாள்.

"ஏய் குச்சி. நீ சொல்லு."

சித்தி "போயிடுடி," என்றாள்.

"போறேன். ஆஸ்பத்திரிக்கு உன்கூட யாரு?"

மாடிக்கதவு சாத்தப்பட்டது.

திரும்பும் ரயில் மறுநாள்தான். நிலையத்துக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில், ரயில் கிடைக்காத கூட்டத்தோடு அம்மாவையும் அடைத்துவைத்தார்கள். பக்கத்தில் ஒருவர் விடாமல் இருமினாராம். அவருக்குப் பாட்டில் தண்ணீரில் பாதியைக் கொடுத்தாளாம்.

வீட்டுக்கு வந்தவளிடம், "சித்தி அழுதாங்களா?" என்று கேட்டேன்.

"மாஸ்க்குக்குப் பின்னாடி என்ன தெரியும்? போகச் சொன்னா. வந்துட்டேன். சோப்பு எடு."

புடவையில் மருந்து பட்ட இடமெல்லாம் வெளுத்திருந்தது. வெளுத்த நிறம் சோப்புப் போட்டால் திரும்பாது என்று எல்லோரையும்விட அவளுக்குத் தெரியும். இருந்தும் தேய்த்தாள்.

பிறகு காய்ச்சல். பிறகு மூச்சுத் திணறல். மருத்துவமனையில் என்னை வாசலோடு நிறுத்தினார்கள். ஒரு நர்ஸ் தன் போனில் அம்மாவின் முகத்தைக் காட்டினாள். அம்மா ஆக்சிஜன் முகமூடியை ஒதுக்கிவிட்டு, "அவளுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சா?" என்றாள்.

"ஆயிடுச்சும்மா. நல்லா இருக்காங்க."

எனக்கு எதுவும் தெரியாது.

"கூட யார் இருந்தாங்களாம்?"

"ஒரு நர்ஸ்."

"தெரிஞ்ச முகம் கேட்டா," என்றாள் அம்மா. நர்ஸ் முகமூடியைத் திரும்ப மாட்டினாள்.

அம்மாவைப் பையில் வைத்து, ஜிப்பைத் தலைவரை இழுத்துக் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்பதும் சரியில்லை, தூரத்திலிருந்து காட்டினார்கள். மேலே ஒட்டிய சீட்டில் வயதைத் தவறாக எழுதியிருந்தார்கள். திருத்தச் சொன்னேன். "இனிமே எதுக்கும்மா?" என்றார் வண்டிக்காரர்.

அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். சில நாள் கழித்துக் கூப்பிட்டார். வருத்தம் தெரிவித்தார். அதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"எங்கம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு மருந்து ஏத்துறாங்க. இதைச் சொன்னா தாங்க மாட்டாங்க. மருந்து முடியுற வரைக்கும் பெரியம்மா நல்லா இருக்காங்கன்னே சொல்லிடு."

"பேசணும்னு கேட்டா?"

"ஏதாவது சொல்லிச் சமாளிம்மா. உனக்குத் தெரியாததா."

சரி என்றேன். அன்று மாலையே சித்தி கூப்பிட்டாள். குரல் நூலாக இழைந்தது.

"பாப்பா, உங்கம்மாகிட்ட குடு."

"பேச மாட்டாங்க சித்தி."

"பக்கத்துல இருக்காளா?"

"இருக்காங்க."

"கோவமா?"

"கோவம்தான்."

நல்லா இருக்காங்க என்று சொல்லத்தான் அண்ணன் கேட்டார். கோபத்தைச் சேர்த்தது நான்.

"பேச வேண்டாம். போனை அவ காதுகிட்ட வை. கேட்டா போதும்."

போனை மேஜைமேல் வைத்து ஒலியைக் கூட்டினேன். எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

"ஏண்டி," என்றாள் சித்தி. "மருமக பின்னாடி நின்னுக்கிட்டு, அவளை உள்ள விட்டா நீங்களும் அவகூடவே கிளம்பிடுங்கன்னா. இந்த உடம்பை வச்சுக்கிட்டு எங்கடி போவேன்? ஆஸ்பத்திரியில யாரும் இல்லை. மயக்கம் தெளியுறப்ப உன்னைத்தான் கூப்பிட்டேனாம், அங்க இருந்தவங்க சொன்னாங்க. திட்டிடு. நாலு வார்த்தை திட்டிட்டு வச்சிடு."

மேஜை பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள் மூச்சு வாங்குவது அறை முழுக்கக் கேட்டது. காத்திருந்தாள். நான் காத்திருக்கவிட்டேன்.

"பாப்பா, ஏதாவது சொன்னாளா?"

"இல்லை."

"திட்டக்கூட இல்லையா?"

"திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."

சித்தி அழுதாள். இந்த முறை மாஸ்க் இல்லை, நன்றாகவே கேட்டது.

"அவ மனசு ஆற நாளாகும். நாளைக்குக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க சித்தி," என்றேன்.