இரண்டு இடத்தில் பல் போன பிளைவீல்

சுவிட்சர்லாந்து அரசாங்கம் ஒரு பழைய பிக்கப்பின் பல்லைப் பார்த்துத்தான் ஒரு குடும்பத்தை நாட்டில் வைத்திருப்பதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுக்கிறது என்று பதினொரு வயதில் நான் முழுமனதாக நம்பினேன். கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவன், வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களையெல்லாம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்து விளங்கப்படுத்தியவன், பாசலில் நாங்கள் இருந்த தெருவில் தன்னைவிடக் கெட்டிக்காரன் இல்லை என்று நினைத்துக்கொண்டு திரிந்தவன் நான் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த முட்டாள்தனத்தின் முழு அழகும் தெரியும்.

எல்லாம் ஒரு சத்தத்தில் தொடங்கியது. குளிர்காலக் காலைகளில் எங்கள் மாடிக் குடியிருப்பின் கீழே அப்பா சாவியைத் திருப்பும்போது, தகரத்தை யாரோ பல்லால் கடிப்பது போல "கறர்ர்ர்" என்று ஒன்று கேட்கும். அம்மா யன்னலைச் சாத்திக்கொண்டே, "கொப்பரின்ர சேவல் கூவுது, எழும்படா" என்பார். டாவோஸ் என்ற பனிமலை ஊரில் ஒரு ஹோட்டல் குசினியில் அப்பா கோப்பை கழுவிய காலத்தில், அந்த ஹோட்டல்காரர்கள் பனி தள்ளி அலுத்துப்போன ஜப்பான் பிக்கப் அது. பாசலுக்கு வந்தபோது அம்மாவோடும் என்னோடும் தங்கச்சியோடும் அதையும் அப்பா கொண்டுவந்தார். சனிக்கிழமைகளில் வீடு மாறுகிற தமிழ்ச் சனத்தின் சோபாக்களையும் குளிர்பெட்டிகளையும் சாமிப்படங்களையும் அதில் ஏற்றி இறக்குவார். வீடு மாறுவதற்கு இங்கே "உம்ட்சூக்" என்று பெயர். எங்கள் சனம் அப்பாவையே "உம்ட்சூக் அண்ணை" என்றுதான் கூப்பிட்டது.

பிளைவீல் என்பது எஞ்சினின் பின்பக்கம் இருக்கிற கனத்த இரும்புச் சக்கரம். அதன் விளிம்பைச் சுற்றிப் பல்வளையம் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் ஸ்டாட்டர் அந்தப் பற்களைப் பிடித்துத்தான் எஞ்சினைச் சுழற்றும். எங்கள் பிளைவீலுக்கு இரண்டு இடத்தில் பல் தேய்ந்திருந்தது. சுற்றிவர நல்ல பல் அவ்வளவு இருக்க, எஞ்சின் அணைந்து நிற்கும்போது அந்த இரண்டு இடத்தில் ஒன்றில்தான் கொழுப்பெடுத்து நிற்கும். அப்போது நல்ல பல் முன்னுக்கு வர, கியரைப் போட்டு வாகனத்தை ஓரடி தள்ள வேண்டும். சேலைக்கு மேல் குளிர்ச் சட்டை போட்ட அம்மாவும் புத்தகப்பையோடு நானும் தள்ளுவோம். பின்னால் டிராம் மணியடிக்கும். அதற்குள் இருக்கிறவர்கள் எங்களை மிருகக்காட்சிச்சாலையைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

அந்த மாரியில் ஒரே கிழமையில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, வருடக்கணக்காக இழுபட்டுக்கொண்டிருந்த எங்கள் வதிவிடப் பெர்மிட் விசாரணையில் இன்னும் இரண்டு பத்திரங்கள் கேட்டது. மற்றது, பிக்கப்பைப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொன்னது. இரண்டு உறையிலும் பாசலின் அரச சின்னமான அதே வளைந்த கறுப்புக் கோல் முத்திரை. நான் இரண்டையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது குணம் மாமா வந்து சேர்ந்தார். அவர் அப்பாவின் சிநேகிதர், ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. ஊரில் எட்டு மாதம் ஒரு லொறியில் கிளீனராகத் தொங்கிக்கொண்டு போனவர். அந்தத் தகுதியில் பாசலில் என்ஜினியராகிவிட்டார்.

"எல்லாம் ஒரே ஃபைல்தானடா," என்றார். "பெர்மிட்டும் அதுக்குள்ளதான், பிக்கப்பும் அதுக்குள்ளதான். உன்ர பள்ளிக்கூட ரிப்போட்டும் அதுக்குள்ளதான் கிடக்கு."

போதாதா? கறுப்புக் கோலைக் கையில் பிடித்தபடி ஒரு பெரியவர் எங்கள் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பது எனக்கு அன்றிரவே தெரிந்தது. அவருக்கு முன்னால் பிக்கப் "கறர்ர்ர்" என்னும். அவர் ஒரு கோடு கீறுவார். நாங்கள் விமானத்தில் இருப்போம். அப்பாவுக்கோ பிக்கப் போய்விட்டால் சனிக்கிழமை போய்விடும் என்ற கவலை மட்டுந்தான். "ஸ்டாட் வராட்டி அவங்கள் உள்ளுக்கே எடுக்கமாட்டாங்கள்," என்று சொல்லி, வேறு பிளைவீல் தேடும் பொறுப்பை, வேறு ஆள் கிடைக்காத மாதிரி, குணம் மாமாவிடம் கொடுத்தார்.

"அதே கொம்பனி, அதே வருசம். கண்ணை மூடிக்கொண்டு பூட்டலாம்," என்று முதலாவதைக் கொண்டுவந்தார் மாமா. கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கியிருக்கிறார். கிளச்சையும் கியர்பொக்ஸையும் கழற்றி இறக்கிய பிறகு பார்த்தால், எங்கள் எஞ்சினுக்கு எட்டு ஆணி, அவர் கொண்டுவந்த சக்கரத்தில் ஆறே துளை. அடுத்த கிழமை இரண்டாவது வந்தது. துளை எட்டும் சரி. ஆனால் சக்கரம் ஒரு விரலளவு பெரிது, கூட்டுக்குள் போக மறுத்தது. "ரெண்டு தட்டுத் தட்டினாப் போயிடும்," என்று மாமா சுத்தியலை எடுத்தார். இருபது தட்டுக்குப் பிறகு அப்பா அவருடைய கையைப் பிடித்தார்.

பரிசோதனைக்கு ஒரு கிழமைதான் இருந்தது. நான் கணக்குக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, என்னுடைய மிகச் சிறந்த ஜெர்மனில் கோல்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பல் பழுதானது பிக்கப்புக்கு மட்டுந்தான், அதுவும் இரண்டே இடத்தில், எங்கள் குடும்பத்தில் மற்ற எல்லோருக்கும் பல் ஒழுங்காக இருக்கிறது, நான் கணக்கில் முதலாம் ஆள். இதை எழுதியவன்தான் தெருவிலேயே கெட்டிக்காரன்.

புதன்கிழமை பின்னேரம் பள்ளி இல்லாதபடியால் மொழிபெயர்க்க என்னையும் ஏற்றிக்கொண்டு, எங்கள் பழையதும் சேர்த்து மூன்று பிளைவீலோடும், குணம் மாமாவின் காரின் டிக்கி தரையில் உரச, ஊருக்கு வெளியே பழைய வாகனங்கள் உடைக்கும் இடத்துக்குப் போனோம். நடத்தியவர் ஃப்ராவ் பூர்க்கி என்ற பெண்மணி. வாயில் எந்நேரமும் அணைந்த சுருட்டு. இரண்டாவது பிளைவீலைத் தூக்கிப் பார்த்தார்.

"இதை அடித்தது யார்? மாடா?"

"என்னவாம்?" என்றார் மாமா.

"நீங்கள் நல்ல பலசாலியாம்."

"ஓம் எண்டு சொல்லு. ஊரில லொறியையே தூக்கினனான் எண்டு சொல்லு."

"அவர் மன்னிப்புக் கேட்கிறார்," என்றேன் ஃப்ராவ் பூர்க்கியிடம்.

அவர் சோக்கட்டியால் அடையாளம் வைத்து மூன்றின் பற்களையும் எண்ணினார். ஒரே பெயரில் மூன்று விதமான எஞ்சின் போட்டிருக்கிறார்கள், எஞ்சின் இலக்கத்தைக் கேட்காமல் வருசத்தைக் கேட்டு வாங்குகிறவன் கழுதை என்றார். அதை நான் "கொஞ்சம் கவனமாயிருக்கட்டாம்" என்று மாற்றினேன். எங்கள் எஞ்சினுக்கு உரியது எங்கும் கிடைக்காது என்றபோது எனக்கு விமானத்தின் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. ஆனால் அவர் எங்கள் பழைய பிளைவீலையே கவிழ்த்து, பற்களின் பின்பக்கத்தை விரலால் தடவினார். ஸ்டாட்டர் முன்பக்கத்தைத்தான் இத்தனை வருடமாகக் கடித்திருக்கிறது. பின்பக்கம் புதிதுபோல இருந்தது. நெருப்பைப் பிடித்துப் பல்வளையத்தைச் சூடாக்கித் தட்டிக் கழற்றினார். அதைப் புரட்டி, மறுபடி சூடாக்கி, பழைய இடத்திலேயே வைத்தார். ஆறியதும் அது இறுகிக்கொண்டது.

"இதைத்தான் நானும் சொன்னனான்," என்றார் குணம் மாமா.

"எப்ப சொன்னனீ, குணம்?" என்றார் அப்பா.

"மனசுக்குள்ள."

பரிசோதனை நாளில் எஞ்சின் முதல் திருப்பிலேயே எழும்பியது. பரிசோதிக்க வந்தவர் கையில் கோல் இல்லை. ஒரு டோர்ச் இருந்தது. நான் ஓடிப்போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்தார், காற்சட்டைப் பையில் வைத்தார், பிக்கப்புக்கு அடியில் போய் ஸ்குரூ டிரைவரால் இரும்புச் சட்டத்தைக் குத்தினார். அது கேக்குக்குள் போவதுபோல உள்ளே போய் மறுபக்கம் வந்தது. பனி உருக டாவோஸ் தெருக்களில் கொட்டிய உப்பு இரும்பைத் தின்றிருந்தது. தாளில் அவர் எழுதிய "தேறவில்லை" என்ற சொல்லைத் தலைகீழாக வாசித்துவிட்டு நான் அங்கேயே ஒப்பாரி வைத்தேன்.

"என்னடா, பிக்கப்புக்கோ அழுறாய்?" என்றார் அப்பா.

அவருக்கு எதைச் சொல்வது? "ஓம்," என்றேன்.

என் கடிதத்தை அந்த மனிதர் திருப்பித் தந்தார்; இரண்டு பிழைகளைப் பென்சிலால் திருத்தியிருந்தார்.

மகன் வாகனத்தில் உயிரையே வைத்திருக்கிறான் என்று நம்பிய அப்பா, பிக்கப்பை உடைக்கக் கொடுத்தபோது பிளைவீலை மட்டும் கழற்றி எடுத்து, மூன்று மாடி படியேறி என் கட்டிலுக்கு அடியில் வைத்தார். நாற்பத்தாறு வயதில், ஐந்து வீடு மாறி, அந்த இரும்பை நான் இன்னும் காவிக்கொண்டு திரிகிறேன். இப்போது பல்கனியில் அதன் மேல் கறிவேப்பிலைச் சட்டி நிற்கிறது. தள்ளி ஸ்டாட் செய்கிற வாகனமும், பார்த்துச் சிரிக்கிற டிராமும் இப்போது இல்லை. சனம் வாடகை வானில் வீடு மாறுகிறது. என் காரைப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்லிப் போன கிழமை கைப்பேசியில் செய்தி வந்தது. வாசித்துவிட்டு, அதில் எங்கேயாவது கறுப்புக் கோல் இருக்கிறதா என்று தேடினேன்; அந்தப் பயத்துக்கு மட்டும் வயது ஏறவில்லை.

பிக்கப் தேறாமல் போனது துருவால். பிளைவீலை யாரும் பார்க்கவேயில்லை. பெர்மிட் அதற்கு மூன்று கிழமைக்குப் பிறகு வேறொரு கட்டடத்திலிருந்து, வேறொரு ஆளின் கையெழுத்தோடு வந்தது. நான்கு பெயரும் சரியாக இருந்தன, தங்கச்சியின் பெயர் உட்பட. பிக்கப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.