நான் எழுதிய இரண்டு சீட்டுகள்

என் மனைவி மரியபுஷ்பத்தின் முதுகெலும்பு ஒரு குடம் தண்ணீரைத் தூக்கியதில் முறிந்தது. அவள் விழவில்லை, எங்கும் அடிபடவில்லை. ஷாதிபூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே குழாயடியில் குனிந்தாள், குடத்தை இடுப்புக்கு ஏற்றினாள், "அம்மா" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அறுபத்தெட்டாம் வருஷம், சாம்பல் புதனுக்கு மறுநாள். அவளுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. அதற்கு முந்தின வருஷம்தான் வாசற்படியில் கையூன்றி மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் வங்காளி. எங்களுக்குள் பொதுவாக இருந்தது இந்தத் தீவு இந்திதான். "ஹட்டி கம்சோர் ஹை. அந்தர் சே கோக்லா" என்றார். எலும்பு பலவீனம், உள்ளே வெறும் பொள்ளல். எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. சாத்தம் மரமில்லில் பதினைந்து வருஷம் மரம் அறுத்தவன் நான். வெளியே கல் மாதிரி இருக்கும் கட்டையை அறுத்தால் உள்ளே புழு தின்ற மாவு கொட்டும். என் பெஞ்சாதியும் அப்படி ஆகிவிட்டாள்.

வாரம் ஒரு ஊசி, தினமும் மாத்திரை, எத்தனை மாதம் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். யோசித்துச் சொல்கிறேன் என்று அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

ஏனென்றால் ஊசி என்றால் எனக்கு என் அக்கா ஞாபகம். ஊரில் சாதாரணக் காய்ச்சலுக்கு அவளுக்கு ஊசி போட்டார்கள். வீட்டுக்கு நடந்து வருகிற வழியிலேயே மூச்சுத் திணறி என் கையில் செத்துப்போனாள். அவளைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். காய்ச்சலில் போய்விட்டாள் என்று மட்டும்தான் எல்லோரிடமும் சொல்வேன். மரியபுஷ்பத்துக்கும் அவ்வளவுதான் தெரியும்.

பக்கத்து வீட்டு ரோசம்மாக்கா வேலியில் மெயின்லேண்டிலிருந்து கொண்டுவந்த பிரண்டை படர்ந்து கிடந்தது. "ஊசி எதுக்குத் தம்பி? பிரண்டைய எண்ணெயில வதக்கித் தொவையல் அரைச்சுக் குடு. ஆட்டுக்கால் சூப்பு வை. காலைல வெயில்ல உக்கார வை. எலும்பு தானா கெட்டியாயிரும்" என்றாள். என் மனசு கேட்க விரும்பியதை அவள் சொல்லிவிட்டாள்.

மரியபுஷ்பமோ ஒரு பக்கமும் சாயவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியலங்க. மாதாவையே கேட்டுருவோம். சீட்டு எழுதிப் போடுங்க" என்றாள்.

திருவுளச் சீட்டு நம்மிடையே உள்ள வழக்கம்தான். மாதா படத்துக்கு முன்னால் மடித்த சீட்டுகளைப் போட்டு, மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லி, ஒன்றை எடுப்போம். வந்தது ஆண்டவர் சித்தம். மரியபுஷ்பத்துக்கு எழுத்து வாசனை கிடையாது. அதனால் எழுதுகிறவனும் நான், வாசிக்கிறவனும் நான்.

சகோதர சகோதரிகளே, இங்கேதான் என் பாவம். முதல் சீட்டில் "பிரண்டை" என்று எழுதினேன். இரண்டாவது சீட்டில் "ஊசி" என்று எழுதப் போனேன். கை ஓடவில்லை. அதிலும் "பிரண்டை" என்றே எழுதி மடித்துவிட்டேன்.

அவள் படுத்தபடியே ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வாசித்தேன். அதை வாங்கி முத்தம் கொடுத்து, வாசிக்கத் தெரியாவிட்டாலும் தலைமாட்டில் வைத்திருக்கும் செபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டாள். மற்றதை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், மறுநாள் சாத்தம் பாலத்திலிருந்து கடலில் போட்டேன். அதற்கப்புறம் தினமும் வேலைக்குப் போக அதே பாலத்தைத்தான் கடக்க வேண்டியிருந்தது.

ஆறு மாதம் துவையல், சூப்பு, காலை வெயில். மெல்ல எழுந்து நடமாடினாள். சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆகஸ்டு மழையில் அவளுக்கு இருமல் பிடித்தது. ஒரு இருமலில் விலா எலும்பு முறிந்தது. வெறும் இருமல்!

நான் பதறிப்போய், "வா, ஊசியே போட்டுக்குவோம்" என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "மாதா சொன்னதுக்கப்புறம் ஊசியா? உங்களுக்கு விசுவாசம் இல்லையா?" என்றாள்.

என் பொய்யை அவள் விசுவாசமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து மெயின்லேண்டுக்கு அனுப்பிவிட்டோம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். படாக் மரத்தடிகளைப் புரட்டுகிற கை இது. பாயில் கிடப்பவளைப் புரட்டிப் படுக்க வைக்க இந்தக் கைக்குத் துணிவில்லை. எங்கே தொட்டால் எது உடையுமோ என்று பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அழக்கூடத் தெரியவில்லை.

மாதா பிறந்தநாள் நவநாள் தொடங்கியது. ஒன்பது நாளும் கோயிலுக்குப் போய் மன்றாடினேன். என்ன மன்றாட்டு தெரியுமா? "ஆண்டவரே, அவ மனசை மாத்தும்." என் வாயால் நான் சொல்லாமலே காரியம் முடிய வேண்டும்! அவள் மனசு மாறவே இல்லை. ஒன்பதாம் நாள் பூசை முடிந்தும் எனக்கு எழுந்திருக்க மனமில்லை. "இனி என்னால் முடியாது. நீரே ஏதாவது செய்யும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மரியபுஷ்பம், "வலி தாங்கலங்க. அந்தச் சீட்டை எடுத்து வாசிங்க. கேட்டா கொஞ்சம் தெம்பா இருக்கும்" என்றாள்.

செபப் புத்தகத்தைத் திறந்தேன். என் கோணல் கையெழுத்து. வாசிக்க வாய் வரவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். இரண்டிலும் ஒன்றையே எழுதினதைச் சொன்னேன். அக்கா செத்ததைச் சொன்னேன்.

சீட்டை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "மாதா பேர்ல பொய் சொல்லிட்டீங்களே" என்றாள். அப்புறம், "பயமா இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நானும் பயந்துதானே சீட்டே கேட்டேன்" என்றாள்.

மறுநாள் காலையில் டாக்டர் முன்னால் நின்றோம். ஆறு மாதம் வீணாகிவிட்டது என்று என்னைக் கடிந்துகொண்டார். "பிரண்டை காவ், மச்லி காவ், தூப் மே பைட்டோ. கிஸ்னே மனா கியா? லேகின் தவாய் பி லோ" என்றார். பிரண்டையும் மீனும் வெயிலும் வேண்டாமென்று யார் சொன்னது, மருந்தும் எடுத்துக்கொள் என்று அர்த்தம். அக்காவைப் பற்றிச் சொன்னபோது அவர் குரல் இறங்கியது. அந்த ஊசி வேறு, இது வேறு என்று பொறுமையாக விளக்கினார். என் பயத்துக்காக, முதல் ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் அவளைத் தம் அறையிலேயே உட்கார வைத்துக்கொண்டார். அந்த ஒரு மணி நேரமும் அவள் மூச்சையே எண்ணிக்கொண்டிருந்தேன். "சாகலங்க, உயிரோடதான் இருக்கேன்" என்று சிரித்தாள்.

நான்கு வருஷம் ஆகிறது. முதுகெலும்பு முறிந்ததில் அவளுக்கு விழுந்த கூன் நிமிரவில்லை. போன உயரம் போனதுதான். என்னால் அவள் இழந்த ஆறு மாதத்தைத் திருப்பித் தர முடியாது. ஆனால் அதற்கப்புறம் ஒரு எலும்பும் முறியவில்லை. கைத்தடி ஊன்றி ஞாயிறு பூசைக்கு நடந்து வருகிறாள். அவள் மனசை மாற்றும் என்று கேட்டேன். ஆண்டவர் என் வாயைத் திறந்தார். அவருக்கு ஆயிரம் தோத்திரம்.

நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். பயமாக இருந்தால் பயம் என்றே அவரிடம் சொல்லுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். சீட்டுப் போட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். போட்டால் இரண்டிலும் வேறு வேறு எழுதுங்கள். மரியபுஷ்பம் இப்போது என்னிடம் எழுத்துக்கூட்டி வாசிக்கப் படிக்கிறாள். இனிமேல் சீட்டு எழுதினால் அவளே வாசித்துப் பார்ப்பாளாம்.